ஆளுக்கு மூன்று

எண் சரியில்லை.

படுமோசம் என்றும் சொல்ல முடியாது. கே பிளாக்கின் தெற்கு வாசலில் நின்றுகொண்டு, துணி வண்டியின் மேல் லேப்டாப்பை வைத்து, நாற்பது மீட்டர் நீளமான நடையின் நட்டநடுவில் கூரையோடு ஒட்டியிருந்த வெள்ளைத் தட்டிலிருந்து வரும் வைஃபை சிக்னலை ராஸ் பெங்கெல்லி அளந்தபோது, திரையில் மைனஸ் அறுபத்தேழு என்று வந்தது. இந்தத் தொழிலில் எல்லாமே கழித்தல்தான். ஐம்பது என்றால் நல்ல சேதி, எழுபது என்றால் இழுபறி, தொண்ணூறு என்றால் ஆளைத் தூக்கிப் போய்விடலாம். நடையின் இரு பக்கமும் இருக்கும் நாற்பது அறைகளிலும் ஆட்கள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும், ஈரத் துண்டோடு நாலு பேர் குறுக்கே நடந்துகொண்டிருக்கும் சாதாரண நாளில் அறுபத்தேழு வந்திருந்தால், ராஸ் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான்.

ஆனால் இன்று ஆள் மாறும் நாள். கே பிளாக்கில் ஒருவரும் இல்லை.

பெர்த்துக்கு வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் பில்பாரா இரும்புச் சுரங்க முகாம்களில் அறை எவனுக்கும் சொந்தமில்லை. இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. ஒரு கூட்டம் விடிகாலை விமானத்தில் கிளம்பினால், அடுத்த கூட்டம் சாயங்காலம் வந்து அதே மெத்தையில் அதே பள்ளத்தில் படுக்கும். இடையில் உள்ள சில மணி நேரம்தான் கட்டடம் காலியாக இருக்கும். சுவர்களுக்குள் ஏதாவது வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும்.

மார்ச் மாதம் இதே போன்ற ஒரு நாளில், இதே வாசலில் நின்று அளந்து, மைனஸ் ஐம்பத்திரண்டு என்று அவனே பென்சிலால் கதவு நிலையில் எழுதி வைத்திருந்தான். எழுத்து இன்னும் அங்கேதான் இருந்தது. ஐம்பத்திரண்டு. கட்டடம் அதே கட்டடம். தட்டு அதே தட்டு.

பதினைந்து எங்கே போயிற்று?

ராஸுக்கு ஐம்பத்தாறு வயது. இடது முழங்கால் போய்விட்டது. தலையில் இருந்த தொப்பியின் விளிம்பில் சூட்டுக்கோல் பட்டு எரிந்த ஓட்டை ஒன்று உண்டு. இருபத்தாறு வருஷமாக, அடுத்தவன் வீட்டோடு பேசுவதற்கு வழி செய்து கொடுப்பதே அவன் பிழைப்பு. அந்த வருஷங்களில் தன் வீட்டோடு எத்தனை நாள் பேசினான் என்று கேட்டால் சொல்ல மாட்டான்.

இன்று பேச வேண்டியிருந்தது. அதுவும் நேரில். மகள் பிரைனி இரவு ஒன்பது மணிக்கு பெர்த்திலிருந்து கனடாவுக்குக் கிளம்புகிறாள், இரண்டு வருஷத்துக்கு. இரண்டே முக்காலுக்கு முகாம் பஸ். மூன்று நாற்பதுக்கு விமானம். அதில் ஏறினால் விமான நிலையத்தில் அவளோடு இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஏறாவிட்டால் இல்லை. அவ்வளவு எளிமையாக அவன் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை.

அந்த எளிமையைக் கெடுக்கத்தான் டிரிஸ்டன் ஹால்கம் இருந்தான். முப்பத்தொரு வயது. முகாமிலேயே தூசி படியாத ஒரே சட்டை அவனுடையது. 'குடியிருப்போர் இணைப்பு அனுபவத் தலைவர்' என்று கதவில் போட்டிருந்தது. பதவியை உரக்க வாசித்து முடிப்பதற்குள் இணைப்பு இரண்டு முறை அறுந்துவிடும். வைஃபையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்க வேண்டும். மதியம் அவனே நேரில் வந்து வாசலில் நின்றான்.

"சாம்பியன், கே பிளாக் மட்டும் இன்னும் சிவப்புல இருக்கு."

"தெரியும் தம்பி."

"அதைப் பச்சையாக்கிட்டீங்கன்னா உங்க பஸ் சீட்டை நான் உறுதி பண்ணிடுவேன். பவரை முழுசா ஏத்தி விட்டா முடிஞ்சுதே?"

"பார்ல நாப்பது பேரு கத்திக்கிட்டு இருக்கான். நீயும் போய்க் கூடக் கத்துனா யாருக்கு என்ன கேக்கும்?"

"அப்ப ஆட்டோ சேனல் போட்டுடலாம். நல்ல சேனலை அதுவே தேடிக்கும்னு வித்தவங்க சொன்னாங்களே."

"தேடிக்கும். விடியக்காலம் மூணு மணிக்கு முகாம்ல இருக்கிற நூத்திருபது தட்டும் ஒண்ணா யோசிச்சு, ஒண்ணா ஒரே சேனலுக்கு ஓடும், செம்மறி ஆட்டு மந்தை மாதிரி. போன மாசம் ஓடுச்சே, மறந்துட்டியா? உனக்குக்கூட ஒரு நன்றி மெயில் வந்துச்சே, கெட்ட வார்த்தையில?"

டிரிஸ்டன் சிரித்தான். ஏதோ தலைமைப் பண்புப் பயிற்சியில் கற்றுக்கொண்ட அளவில் ராஸின் தோளை ஒன்றரைத் தடவை தட்டினான். "உங்களை நம்புறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் தன் ஏசி வண்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான்.

வேலை என்னவோ சுலபமானதுதான். சேனல் பட்டியலில் பதின்மூன்று எண்கள் இருக்கும். ஆனால் ஒன்றையொன்று இடிக்காமல் பேசக்கூடியவை மூன்றுதான்: ஒன்று, ஆறு, பதினொன்று. பாரில் மூன்று மேசை மாதிரி. மேசைக்கு ஒரு கூட்டம் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் முகாமில் ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து ஒரு குட்டி ரூட்டரைப் பையில் போட்டுக் கொண்டுவருவான். ஒன்றில் கூட்டம், ஆறில் கூட்டம், ஆகா, மூன்றாம் எண் காலி என்று கண்டுபிடித்து, உலகத்திலேயே தான் ஒருவன்தான் மேதை என்ற நினைப்பில் அங்கே போய் உட்காருவான். மூன்றாம் எண் என்பது மேசை இல்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் காது கொடுத்து இரண்டு பக்கமும் கெடுக்கும் இடம். அப்படிப்பட்ட மேதைகள் கே பிளாக்கில் நாற்பது பேர்.

இன்று மேதைகள் எல்லாரும் ரூட்டரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராஸ் நடையில் இருந்த மூன்று தட்டுகளுக்கும் கையால் சேனல் கொடுத்தான். தெற்குத் தட்டுக்கு ஒன்று, நடுவில் ஆறு, வடக்கில் பதினொன்று. பவரை மார்ச்சில் வைத்த அதே பாதி அளவில் வைத்தான். பிறகு இரைச்சலை அளந்தான். மைனஸ் தொண்ணூற்றாறு. அதற்குக் கீழே இந்தக் கருவியால் காட்டவே முடியாது. மனிதர்கள் கட்டிய கட்டடத்தில் இத்தனை அமைதியை அவன் பார்த்ததில்லை. எல்லாச் சேனலும் காலி. பார் மூடி, நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் அடுக்கி, விளக்கணைத்த பிறகு இருக்கும் அமைதி. இருபத்தாறு வருஷமாக அவன் வேண்டிக் கேட்டது இதைத்தான்.

அந்த அமைதியில் தட்டு பேசுகிறது. பேச்சு எட்டவில்லை. அறுபத்தேழு.

இரைச்சல் வேறு, மறைப்பு வேறு. இரைச்சல் என்றால் சேனலை மாற்றலாம். மறைப்பு என்றால் நடுவில் ஏதோ நிற்கிறது என்று பொருள். சுவர் மறைக்கும். எல்லாவற்றையும்விடத் தண்ணீர் நன்றாக மறைக்கும். மனுஷன் என்பவன், பதவியின் நீளம் என்னவாக இருந்தாலும், கால் முளைத்த தண்ணீர்ப் பை. குறுக்கே ஒரு ஆள் நின்றால் மூன்று குறையும். இது புத்தகத்தில் படித்தது இல்லை. மார்ச்சில் இதே நடையில் அவன் அளந்து பார்த்தது.

அளக்க உதவியவளே சக்கரம் கிறீச்சிடும் இன்னொரு வண்டியோடு பின்னால் வந்து நின்றாள். மெரியானா. அறுபதைத் தொட்ட மாவோரிப் பெண். முகாம் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக கே பிளாக்கைச் சுத்தம் செய்பவள்.

"என்ன கிழவா, என் வண்டியை டேபிளாக்கிட்ட?"

"அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? மார்ச்ல அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தானே என்னை இந்த நடையில கம்பம் மாதிரி அரை மணி நேரம் நிக்க வெச்ச."

"உன்னாலதான் ஆளுக்கு மூணுன்னு தெரிஞ்சுது."

"இந்த உடம்புக்கு வெறும் மூணா? அவமானம். அஞ்சாவது போட்டிருக்கணும்."

ராஸ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "உள்ள யாராச்சும் இருக்காங்களா? எவனாவது விமானத்தை விட்டுட்டுத் தூங்கிக்கிட்டு?"

"நாப்பது ரூமையும் நான்தானே திறந்தேன். ஒரு எலி இல்ல." அவள் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். "பதினேழாம் நம்பரை மட்டும் ரெண்டு தடவை விரிச்சேன்."

"ஏன்?"

"விரிச்சுட்டு இந்தப் பக்கம் திரும்புறேன், யாரோ உக்காந்து எழுந்த மாதிரி குழி. மெத்தை பழசு. பன்னெண்டு வருஷமா எத்தனை பேரு, எத்தனை அலுப்பு! மெத்தைக்கும் பழகிடும்ல."

கதவைத் தாண்டும்போது நடையைப் பார்த்துத் திரும்பி நின்று, குழந்தைகளைக் கூடத்திலிருந்து விரட்டும் குரலில், "போங்கப்பா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"யார்கிட்ட பேசுற?"

"சும்மா. மாறுற நாள்ல எப்பவும் சொல்வேன். என் பழக்கம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறது உனக்கு வேணா பழக்கம் இல்லாம இருக்கலாம்."

கிறீச், கிறீச் என்று வண்டி வெயிலுக்குள் போயிற்று. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே இரவுதான். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவதற்காக ஜன்னல்களுக்கெல்லாம் வெளிச்சம் நுழையாத தடித்த திரை போட்டிருந்தார்கள். கூரை விளக்கு மூன்றில் ஒன்றுதான் எரிந்தது. நாற்பது அறைகளின் ஏசியும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, யாருமில்லாத அறைகளைக் குளிரவைத்துக்கொண்டு. சலவைத்தூள் வாசனை. அதற்கு அடியில் டீசல், வியர்வை, வெயில் களிம்பு, பற்பசை. கிளம்புகிற விடிகாலைகளில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவன் கழுத்திலிருந்து வருமே, அந்த வாசனை. ஆட்கள் போய் எட்டு மணி நேரம் ஆகிறது. வாசனை போகவில்லை. இன்னும் சொல்லப்போனால், இப்போதுதான் வந்தது.

தூரத்தில் நடுத் தட்டின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அதற்கும் அப்பால், வடக்குக் கோடியில், இன்னொரு பச்சைப் புள்ளி.

ஃபோன் அடித்தது. முகாமில் ஃபோன் பேச்சும் வைஃபை வழியாகத்தான். பிரைனி.

"அப்பா, நெஜமா வர்றியா?"

"டிக்கெட் கையில இருக்கும்மா."

"போன தடவையும் கையிலதான் இருந்துச்சு." கோபம் இல்லை. கோபம் தீர்ந்துபோய் வருஷமாகிவிட்ட குரல். "அம்மா கேக்கச் சொன்னா. இந்தத் தடவை முழுசா வருவியா, இல்ல வழக்கம்போல சட்டையும் பையும் மட்டும் வருமா?"

அவள் அம்மா டெனிஸின் பழைய நையாண்டி அது. நீ வீட்டுக்கு வருவதே இல்லை, உன் சட்டையும் பையும்தான் வருகின்றன, சோபாவில் உட்காருகின்றன, சாப்பிடுகின்றன, திரும்பிப் போகின்றன என்பாள். சண்டையில் சொல்ல மாட்டாள். பாத்திரம் கழுவும்போது சொல்வாள்.

"முழுசா வர்றேன்னு சொல்லு."

"என்ன? கேக்கல. அப்பா, உன் பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே. காலி பிளாக்."

"இல்ல, நீ எங்கேயோ பின்னாடி இருந்து பேசுற மாதிரி இருக்கு. நிறைய பேருக்குப் பின்னாடி இருந்து." அவள் குரல் துண்டு துண்டானது. "முன்னால... வந்து... பேசு..."

அறுந்தது. ராஸ் திரையைப் பார்த்தான். மைனஸ் எழுபது.

இரண்டு மணி ஐந்து நிமிஷம்.

அவன் நடுத் தட்டை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினான். அப்படி மாற்றுவதில் அர்த்தமே இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரிந்த வேலை அதுதான். எழுபத்து மூன்று. பதினொன்றிலிருந்து ஒன்றுக்கு. எழுபத்தாறு. மீண்டும் ஆறு. அதே எழுபத்தாறு. இரைச்சல் எல்லாச் சேனலிலும் தொண்ணூற்றாறு, பிணவறை மாதிரி. சேனலை மாற்றினால் இரைச்சல் நகர்ந்து வழிவிடும். குறுக்கே நிற்பவனுக்குச் சேனலைப் பற்றி என்ன கவலை?

ஐம்பத்திரண்டிலிருந்து எழுபத்தாறு. இருபத்து நாலு. ஆளுக்கு மூன்று. மனசு தானாக வகுத்துப் பார்த்தது; அதை நிறுத்துவதற்குள் விடையும் வந்துவிட்டது.

எட்டுப் பேர். வாசலுக்கும் நடுத் தட்டுக்கும் இடையில்.

சரி, வடக்குத் தட்டு? மார்ச்சில் ஐம்பத்தெட்டு. இன்று எண் இல்லை. பச்சை விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, சிக்னல் என்று ஒன்று வந்து சேரவே இல்லை.

ஒன்பது மாதப் புகார்கள் நினைவுக்கு வந்தன. பாதி பிளாக் காலியாக இருந்த வாரத்தில்கூட வைஃபை நொண்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். அவன் மார்ச்சில் செய்தது இந்தத் தொழிலின் பாலபாடப் பிழை. காலிக் கட்டடத்தில் அளந்துவிட்டு, ஆட்களோடு அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஐந்து தட்டு வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்று ஆனது அப்படித்தான். இத்தனை நாளும் அதுதான் காரணம் என்று நினைத்திருந்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒரு நிம்மதிகூட இருந்தது. காரணம் தெரிந்த தப்பு அது.

இரண்டு இருபது. டிரிஸ்டனிடமிருந்து செய்தி: பச்சை ஆச்சா சாம்பியன்?

ராஸ் படிவத்தைத் திறந்தான். கே பிளாக், நடுப்பகுதி, மைனஸ் ஐம்பத்திரண்டு. முழு ஆட்களோடு அளந்தது. கையெழுத்து. இந்தமுறை பாதி பொய்தான் என்று ஒரு எண்ணம் ஓடியது. அதை அவன் முழுதாக நினைக்கவில்லை. அரை நிமிஷத்தில் பதில் வந்தது, கட்டைவிரல் படத்தோடு. சீட் உறுதி.

முடிந்தது. லேப்டாப்பை மூடக்கூடப் பொறுமையில்லை. ஃபோனைப் பையின் பக்க அறைக்குள் போட்டான். வாசலில் கிடந்த பையைத் தூக்கினான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

அடையாள அட்டை இல்லை.

அது இல்லாமல் பஸ் கதவு திறக்காது. எங்கே? ஏணி. ஏணியில் ஏறுகிறவன் கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது என்பது முகாம் விதி. பன்னிரண்டு மணிக்கு வடக்குத் தட்டைச் சரிசெய்ய ஏறியபோது, நாடாவோடு கழற்றி ஏணிக் கொக்கியில் மாட்டியிருந்தான். ஏணி வடக்குக் கோடியில் நின்றது. அங்கே வெளிக்கதவு இல்லை, ஜன்னல் ஒன்றுதான். நடை வழியாகத்தான் போக வேண்டும்.

நாற்பது மீட்டர். முழங்கால் வலியோடு ஒரு நிமிஷம். போக ஒன்று, வர ஒன்று.

பையை வாசலிலேயே வைத்தான். நடந்தான்.

முதல் பத்தடி சாதாரணமாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஏசியின் குளிர் போய், காற்று வெதுவெதுப்பானது. லிஃப்டில் எட்டாவது ஆளாக ஏறினால் முகத்தில் படுமே, அந்தச் சூடு. வாசனை அடர்ந்தது. அவன் காலடி ஓசை வரவரக் குறைந்தது. கம்பளத்தில் நடப்பது மாதிரி. தரையில் கம்பளம் இல்லை. பாதி தூரத்தில்தான் கவனித்தான்: அவன் நேராக நடக்கவில்லை. ஒரு தோளை முன்னால் விட்டு, வயிற்றை எக்கி, ஒருக்களித்து நடந்துகொண்டிருந்தான். யாரையும் இடிக்காமல்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

பச்சை விளக்கு தலைக்கு மேல் இருந்தது. மறைந்தது. திரும்பத் தெரிந்தது. தொப்பி போட்ட ஒரு தலை கடந்து போகிற நேரம்.

அவன் ஓடினான். ஓட்டம் என்று முழங்கால் எதை அனுமதித்ததோ அதை.

ஏணி.

கொக்கி.

கொக்கியில் ஒன்றுமில்லை.

கீழே பார்த்தான். தரையில் இல்லை. ஏணிக்குப் பின்னால் இல்லை. நாடா உரசிய தடம் கொக்கியின் தூசியில் புதிதாக இருந்தது.

தெற்குக் கோடியில் கதவு திறந்தது. வெயில் ஒரு வெள்ளைப் பலகையாக உள்ளே விழுந்தது. அந்த வெள்ளையில் ஒருவன் நின்றான். குனிந்து பையைத் தூக்கினான். இடது காலைக் கொஞ்சம் இழுத்தான். கழுத்தில் அட்டை ஆடியது. தொப்பியின் விளிம்பில் இருந்த ஓட்டை வழியாக வெளிச்சத்தின் ஒரு பொட்டு.

ராஸ் தன் தலையைத் தொட்டான். தலைமுடி. வெறும் தலைமுடி.

வாசலில் நின்றவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நேரமாகிவிட்டது அவனுக்கு. கதவு சாத்திக்கொண்டது.

வடக்கு ஜன்னலின் திரையில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிசல் இருந்தது. ராஸ் அதில் கண்ணை வைத்தான். சாப்பாட்டுக் கூடத்தின் முன்னால் பஸ் நின்றது. செம்மண் தூசி, வெயில், வரிசை. அந்தத் தொப்பி வரிசையின் கடைசியில். மெரியானா துணி மூட்டையோடு நின்று கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகக் குரல் மெலிந்து வந்தது.

"உன் பொண்ணுக்கு என் முத்தத்தைக் கொடு, கிழவா! மறந்துடாதே!"

தொப்பிக்காரன் கையைத் தூக்கினான். உள்ளங்கையை முழுதாக விரிக்காமல், தோள் வரைக்கும் மட்டும், அலுத்துப்போன கை. ராஸ் கை தூக்குவது அப்படித்தான்.

தொப்பிக்காரன் கதவில் அட்டையை வைத்தான். பஸ் கதவு திறந்தது.

ஓட்டுநர் இடைவழியில் நடந்து தலைகளை எண்ணினான். கட்டைவிரலைக் காட்டினான். எண்ணிக்கை சரி. ஒருவரும் விட்டுப்போகவில்லை. ஜன்னலோர இருக்கையில் தொப்பிக்காரன் ஃபோனைக் காதில் வைத்திருந்தான். லேசாகச் சிரித்தான். இரவு எட்டு மணிக்கு அந்தக் கைகள்தான் பிரைனியைக் கட்டிக்கொள்ளும். டெனிஸ் சட்டையைப் பார்ப்பாள். பையைப் பார்ப்பாள்.

பஸ் கிளம்பியது.

கிறீச், கிறீச். தெற்குக் கதவு. மெரியானா.

"மெரியானா!"

அவள் வண்டிக்கு வந்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். "பாரு, மூளையை விட்டுட்டுப் போயிருக்கான்."

"மெரியானா, இங்க. இங்க இருக்கேன்."

அவன் அவளை நோக்கி நடந்தான். யார் யாரையோ விலக்கிக்கொண்டு. தோள்கள். முழங்கைகள். ஈரமான சட்டைத் துணி. ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் கோபிக்கவில்லை. அவ்வளவு அலுப்பு அவர்களுக்கு. நடுத் தட்டைத் தாண்டினான். அவளுக்கும் தட்டுக்கும் நடுவில் வந்து நின்றான்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தாறு" என்று வாய்க்குள் வாசித்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "எழுபத்தொம்பது."

நிமிர்ந்தாள். நேராக அவன் முகம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் கையில் ரோமம் எழுந்து நின்றது அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"மூணு."

பிறகு மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பாமல் மூடுவதுபோல, லேப்டாப்பை மூடினாள். விளக்குப் பொத்தானில் கை வைத்தாள். வழக்கமாகச் சொல்வதை இந்தமுறை விரட்டும் குரலில் சொல்லவில்லை.

"போங்கப்பா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

இருட்டு. பூட்டு திரும்பும் சத்தம். சக்கரங்கள் அவசரமாக விலகிப் போயின.

அவன் கத்தினான். கத்தல் பக்கத்தில் நின்றவனைக்கூடத் தாண்டவில்லை.

பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், திரும்பினான். வடக்குக் கோடியில், திரைக் கிழிசலின் விரல் அகல வெளிச்சம் நின்றது. அந்தக் கோட்டின் முன்னால் தொப்பிகள் இருந்தன. சுவரிலிருந்து சுவர் வரை, வரிசைக்குப் பின்னால் வரிசையாக, பன்னிரண்டு வருஷத்துத் தொப்பிகள், வெறுந்தலைகள், துண்டு போட்ட தோள்கள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. சாலையில் பஸ் கிளப்பிய செம்மண் இன்னும் அடங்காமல் தொங்கியது. அத்தனை முகமும் அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தது, அசையாமல், எதையும் கேட்காமல்.

அவனுக்கு முன்னால் நின்றவன், திரும்பிப் பார்க்காமலேயே, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டான்.